மாட்டுச் சாணத்தில் விட்ட மண்புழு ஏன் செத்துப்போகிறது?

தர்மபுரிப் பக்கம் நான்கு கலப்பினப் பசு, இருபது ஆடு, கொஞ்சம் கோழி வைத்திருக்கிறீர்கள். பத்தடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, புதுச் சாணத்தை அதில் முழுக்க நிரப்பி, ஐந்து கிலோ மண்புழு வாங்கி விட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் பாதி செத்துக் கிடந்தது, மீதி சுவர் ஏறி ஓடிவிட்டது. மறுபடி வாங்கி விட்டும் அதே கதை. புழு விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, தொட்டியில் கோளாறா, இன்னொரு தடவை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே ஆட்டுப் புழுக்கை, கோழி எச்சம் சேர்க்கலாமா, உரத்தை விற்றால் கட்டுப்படியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மண்புழுவுக்குத் தீனியே சாணம்தான் என்று எல்லோரும் சொல்லும்போது, அந்தச் சாணமே எப்படிப் புழுவைக் கொல்லும்? அதைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

நான் மண்ணியல் படித்தவன். மேற்கு மாவட்டங்களில் மாட்டுப்பண்ணைகளுக்குப் புழுப் படுக்கை அமைத்துக் கொடுப்பதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. கால்நடை மருத்துவன் அல்ல. மருந்து பற்றிக் கீழே சொல்லும் இடத்தில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டியை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் சாணத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன், உங்கள் தொட்டியைப் பற்றிச் சொல்வதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகம் சூட்டின் மேல். புதுச் சாணத்தைக் குவித்து வைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னத் தொடங்கும், அந்த வேலையில் சூடு கிளம்பும். கொஞ்சம் வைக்கோலும் கூளமும் கலந்து, காற்றும் உள்ளே போனால் இரண்டு மூன்று நாளில் குவியலின் நடுவில் 55, 60 டிகிரி வரைக்கும் ஏறும். நம் ஊரில் விற்கும் எந்த உரப்புழுவும் 35 டிகிரிக்கு மேல் தாங்காது. கடைசியில் சாவதும் மூன்றாம் நாள், சூடு உச்சத்துக்குப் போவதும் ஏறக்குறைய அதே நாள். நீங்கள் சொன்ன கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது. மேலே தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும், அதை நம்பக்கூடாது. ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவில் குத்தி, பத்து நிமிஷம் விட்டு உருவி, உள்ளே இருந்த பக்கத்தைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் இன்னும் வேலை நடக்கிறது. வெதுவெதுப்பு என்றாலும் பொறுக்க வேண்டும். நிழலில் கிடக்கும் இரும்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தால்தான் புழு விடலாம்.

அடுத்தது அமோனியா. மூத்திரத்தில் இருக்கும் யூரியா, சாணத்தோடு கலந்த சில மணி நேரத்திலேயே அமோனியாவாக உடையத் தொடங்கும். கொட்டகை கழுவும்போது சாணம், கோமியம், தண்ணீர் எல்லாம் ஒரே வாய்க்காலில் போகும் பண்ணைகளில் இந்தத் தொந்தரவு அதிகம். 1980களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கிளைவ் எட்வர்ட்ஸும் அவர் குழுவினரும் மாடு, பன்றி, கோழிக் கழிவுகளில் மண்புழு வளர்த்துப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த அளவுகளைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறோம்: ஒரு கிராம் கழிவில் அமோனியா அரை மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், உப்பு அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டில் இதை அளக்க முடியாது. ஆனால் மூக்குக்குத் தெரியும். குனிந்து முகர்ந்தால் கண் எரிகிறதா, மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதா, அப்படியானால் புழு அதில் நிற்காது. இரவோடு இரவாகச் சுவர் ஏறும். சூட்டில் சிக்கிய புழு உள்ளேயே கிடந்து சாகும், ஓட வழி கிடைத்தது ஓடும். உங்கள் தொட்டியில் இரண்டும் நடந்திருப்பதால், சூடும் வாயுவும் சேர்ந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது காரணம் ஆழம். உரப்புழு, அதாவது சாணக் குவியலிலும் சருகிலும் வாழும் ரகம், மேலிருந்து ஓரடிக்குள்தான் வேலை செய்யும். மூன்றடிக்குச் சாணத்தை அமுக்கினால் அடியில் காற்றே இருக்காது. அங்கே புளித்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தச் சாணம் ஆறு மாதம் ஆனாலும் பச்சையாகவே இருக்கும். தொட்டியைக் காலி செய்யும்போது அடிச்சாணம் கரும்பச்சையாக, சேறு மாதிரி இருந்தால் இதுதான் விஷயம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "பச்சைச் சாணம் விஷம், அதில் புழு விடவே கூடாது" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். தொடக்கக்காரருக்கு அது நல்ல எச்சரிக்கை, ஆனால் முழு உண்மை இல்லை. புதுச் சாணத்தை இரண்டு அங்குலக் கனத்துக்கு மேல் போகாமல், ஏற்கெனவே புழு இருக்கும் படுக்கையின் மேல் பரப்பினால் ஒன்றும் ஆகாது. அந்தக் கனத்தில் சூடு தங்காது, வாயுவும் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். அதுவரை புழு கீழே பழைய எருவில் இருக்கும், மேல் அடுக்கு பக்குவமானதும் தானாக ஏறி வரும். பிடிக்காதபோது ஒதுங்க ஓர் இடம் இருப்பதுதான் முக்கியம். உங்கள் தொட்டியில் மேலிருந்து கீழ் வரை ஒரே புதுச் சாணம், ஒதுங்க இடமே இல்லை.

சரி, எப்படிச் செய்வது? சாணத்தைத் தொட்டியில் போடாதீர்கள். மரநிழலிலோ கீற்றுக் கொட்டகையிலோ, கொஞ்சம் சரிவான தரையில், இடுப்பளவு உயரத்துக்குக் குவியுங்கள். மாடு தின்று கழித்த தட்டு, வைக்கோல், நிலக்கடலைக் கொடி, கரும்புச் சோகை எது கிடைக்கிறதோ அதை இடையிடையே போட்டுக்கொள்ளுங்கள். சாணம் மூன்று கூடை என்றால் கூளம் ஒரு கூடை என்பது பெரும்பாலும் சரியாக வரும். இது சூத்திரம் இல்லை. மழைக்காலத்தில் சாணம் கூழாக இருக்கும், கூளம் கூடுதலாக வேண்டும். பசும்புல் தின்னும் மாட்டின் சாணமும் அப்படித்தான். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிப் போடுங்கள். வெளியில் இருந்தது உள்ளே போக வேண்டும். முதல் வாரம் ஆவி பறக்கும். இரண்டாம் வாரம் குறையும். மூன்று வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான்கு வாரம்கூட ஆகும். மேலே சொன்ன கடப்பாரைச் சோதனைதான் முடிவு செய்ய வேண்டும், நாட்காட்டி இல்லை.

ஆறிய பிறகும் மொத்தப் புழுவையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் அந்தச் சாணத்தை அரையடி போட்டு, ஒரு கை புழுவை மேலே விடுங்கள். நல்ல சாணம் என்றால் சில நிமிஷத்தில் தலையை நுழைத்து உள்ளே இறங்கிவிடும், கடைசியில் வால் மட்டும் தெரிந்து மறையும். சாணத்தில் குறை இருந்தால் மேலேயே நெளிந்துகொண்டிருக்கும், ஓரம் தேடும், ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகச் சுருளும். இரவு கோணிச் சாக்கால் மூடி வைத்துவிட்டுக் காலையில் கிளறிப் பாருங்கள். எல்லாம் உள்ளே துடிப்பாக இருந்தால் படுக்கையில் விடலாம். இந்த ஒரு ராத்திரிச் சோதனையைச் செய்திருந்தால் உங்கள் இரண்டாவது ஐந்து கிலோ பிழைத்திருக்கும்.

தொட்டியை இடிக்க வேண்டாம். புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும், தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஊறவிட்டு, இரண்டு மூன்று தடவை மாற்றி ஊற்றிவிட்டால் போதும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் உளியால் போட்டே ஆக வேண்டும். வடியாத தொட்டியில் புழு மூழ்கிச் சாகும். அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். அதன் மேல் ஆறிய சாணம் ஓரடி, அவ்வளவுதான். மீதி உயரம் சும்மா இருக்கட்டும், காகமும் கோழியும் கொத்தாமல் இருக்க மேலே வலை கட்ட உதவும். ஈரம் எவ்வளவு என்று கேட்பீர்கள்: ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஓரிரு சொட்டு துளிர்க்க வேண்டும், ஒழுகக்கூடாது. உங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் பல இடத்தில் உப்பு. தினமும் அதைத் தெளித்து, தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் படுக்கையில் தங்கிக்கொண்டே போகும். மழைத்தண்ணீரோ கிணற்று நல்ல தண்ணீரோ கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். எறும்புக்கு மஞ்சள்தூள், சாம்பல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தொட்டியைச் சுற்றி நாலு விரல் அகலத்தில் ஒரு கால்வாய் வெட்டித் தண்ணீர் நிறுத்துவதைப் போல எதுவும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

புழு விற்றவரைப் பற்றி. அவர் ஏமாற்றியிருக்க வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன், செத்த புழுவை யாரும் விற்க முடியாது. ஆனால் எந்த ரகம் என்று கேட்டீர்களா? நம் பக்கம் அதிகம் விற்பது இரண்டு. ஒன்று யூட்ரிலஸ் யூஜினியே, ஆப்பிரிக்கன் என்று சொல்வார்கள். நீளமாக, கருஞ்சிவப்பில் ஊதா மினுமினுப்போடு இருக்கும். நம் வெயிலுக்கு இதுதான் வேகமாகத் தின்னும், ஆனால் குளிர் ஆகாது. இன்னொன்று ஐசீனியா ஃபெட்டிடா. சின்னது, உடலில் மஞ்சள் வரி தெரியும். குளிரையும் தாங்கும், கொஞ்சம் முரட்டுப் புழு. மூன்றாவதாக நம் மண்ணிலேயே உள்ள பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இருக்கிறது. மழைக்காலத்தில் குப்பைக்குழி ஓரம் சாணத்தைப் புரட்டினால் ஒல்லியாக, விரலில் தொட்டால் துள்ளும் புழு வருமே, அது. இலவசம்தான், ஆனால் மழை ராத்திரியில் கூட்டமாகக் கிளம்பிப் போகும் குணம் அதற்கு உண்டு. வயலில் உழும்போது வரும் மண்புழுவைப் பிடித்து விடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டாம். அது மண்ணைத் தின்று மண்ணுக்குள் வளை போட்டு வாழும் ரகம், வெறும் சாணத்தில் பெருகாது. அதேபோல உரப்புழுவை வயலில் விட்டால் மண் வளம் கூடும் என்பதும் நடக்காது. காய்ந்த மண்ணில் அது சில நாள்கூடத் தாங்காது.

ஆட்டுப் புழுக்கை நல்ல தீனிதான், தழைச்சத்து மாட்டுச் சாணத்தைவிடக் கூடுதல். இரண்டு சிக்கல். காய்ந்த புழுக்கையின் மேல்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது, புழு அதைத் தொடாமல் சுற்றிப் போகும். இரண்டு நாள் ஊறவைத்து, மிதித்தோ தடியால் தட்டியோ உடைத்து, மாட்டுச் சாணக் குவியலோடு கலந்து ஆறவிட வேண்டும். இரண்டாவது, பட்டியின் அடித்தரையில் மூத்திரம் இறங்கி இறுகிய அடுக்கு. அதில் உப்பு ஏராளம். மேலே வாரியதை மட்டும் எடுங்கள், அடி அடுக்கை நேராக வயலுக்குக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், ஆடு சீமைக்கருவேல நெற்று தின்றிருந்தால் விதை புழுக்கையோடு முழுசாக வரும். உரம் போட்ட காய்கறிப் பாத்தியில் கருவேலங்கன்று முளைத்துவிட்டது என்று புலம்புகிற ஆட்கள் உண்டு. மாடும் அப்படித்தான் பரப்பும். கடைசியில் 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் அந்த ஓட்டோடு உள்ள விதை மேலே நின்றுவிடும்.

குடற்புழு மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஆட்டுக்கு வருஷத்தில் சில தடவை கொடுப்பீர்கள். மருந்தைப் பொறுத்து அதில் ஒரு பகுதியோ பெரும்பகுதியோ சாணத்தில் வெளியே வருகிறது. ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் சாண வண்டும் ஈயின் புழுவும் வளராது என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது. மண்புழுவுக்கு அதே அளவு கெடுதலா என்றால், சாணத்தில் வழக்கமாக இருக்கும் அளவில் பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன, முடிந்துபோன விஷயம் இல்லை. அல்பெண்டசோல் வேறு கதை. அது சேர்ந்த வேதிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் பயிருக்குத் தெளிக்கும் கார்பெண்டசிம். அந்தப் பூஞ்சணக்கொல்லி மண்புழுவுக்கு ஆகாது என்பது பழைய செய்தி. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: மருந்து கொடுத்த நாளிலிருந்து மூன்று வாரத்துச் சாணத்தைப் புழுத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள், குப்பைக்குழியில் போடுங்கள். மூன்று வாரம் என்பது பாதுகாப்புக்காக நான் வைத்திருக்கும் அளவு. எந்த மருந்துக்கு எவ்வளவு நாள் என்று உங்கள் கால்நடை மருத்துவரைக் கேட்பது நல்லது.

கோழி எச்சத்தை விட்டுவிடுங்கள். அதில் வரும் யூரிக் அமிலம் மடமடவென்று அமோனியாவாகும், உப்பு அதிகம், பண்ணைக் கோழி என்றால் தரையில் தூவிய சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். நீண்ட நாள் மக்கவைத்து, பத்தில் ஒரு பங்கு கலந்து சிலர் ஓட்டுகிறார்கள். உங்களிடம் இருக்கும் நாலைந்து கோழிக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. தென்னைக்கும் வாழைக்கும் மக்கவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றி முதலில் கெட்டதாகச் சொன்னேன், அதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. மண்புழுப் படுக்கை சூடாவதில்லை. ஆகவே களைவிதை, கோரைக்கிழங்கு, நோய்க்கிருமி எதையும் அது வேகவைப்பதில்லை. சால்மொனெல்லா, ஈ.கோலை போன்றவை புழுப் படுக்கையில் குறைகின்றன என்று காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் குறைவது வேறு, இல்லாமல் போவது வேறு, எவ்வளவு குறையும் என்பது படுக்கைக்குப் படுக்கை மாறுகிறது. அதனால் புழுவுக்கு முந்திய குவியலில் மூன்று நாளாவது 55 டிகிரிக்கு மேல் சூடு இருந்து, புரட்டலில் எல்லாச் சாணமும் ஒருமுறையாவது அந்தச் சூட்டைப் பார்த்திருந்தால் கவலை பெரிதும் குறையும். கொத்தமல்லி, புதினா மாதிரி பச்சையாகத் தின்னும் கீரைக்குப் போடுகிறீர்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. மெல்லிய அடுக்காகப் புதுச் சாணம் பரப்பும் முறையில் இந்தச் சூடு கிடைக்காது, அதன் உரத்தைப் பூச்செடிக்கும் மரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சாணத்தில் வேலை செய்பவர்கள் கையில் வெட்டுக்காயத்தோடு இறங்காதீர்கள். ரணஜன்னிக் கிருமி சாணத்திலும் மண்ணிலும் இருக்கும், டிடி ஊசி கணக்கில் இருக்கட்டும்.

இனி கட்டுப்படியாகுமா என்ற கேள்வி. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, ஏனென்றால் "ஒரு டன் சாணம் போட்டால் அரை டன் உரம்" என்று சொல்லி நிறையப் பேருக்கு ஆசை காட்டுகிறார்கள். நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு கலப்பினப் பசு நாளைக்கு 15 கிலோ சாணம் என்று வைத்தால் நான்கு பசுவுக்கு 60 கிலோ, மாதத்துக்கு 1,800 கிலோ. புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், காய்ந்த பொருள் 360 கிலோதான். மக்கும்போதும் புழு தின்னும்போதும் அதில் ஏறக்குறைய 40 சதவீதம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும், மிஞ்சுவது 216 கிலோ. 25 சதவீத ஈரத்தோடு சாக்கில் கட்டினால் 290 கிலோ அளவில் நிற்கும். நீங்கள் சேர்க்கும் கூளத்தால் கொஞ்சம் கூடும். அரை டன் என்பது ஏற்கெனவே பாதி காய்ந்து, பாதி மக்கிய சாணத்தை எடை போட்டுச் சொல்லும் கணக்கு; அல்லது ஈரத்தோடு விற்கும் கணக்கு.

சத்தும் அதே மாதிரிதான். மண்புழு தழைச்சத்தையோ சாம்பல்சத்தையோ புதிதாக உண்டாக்காது. கரிமம் போய்விடுவதால் இருக்கும் சத்து செறிவாகத் தெரிகிறது, அவ்வளவே. தழைச்சத்து ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம் என்றால் அந்த 290 கிலோவில் மூன்று, நான்கு கிலோ. யூரியாவில் சொன்னால் ஆறிலிருந்து ஒன்பது கிலோவுக்குச் சமம். ஏக்கர் கணக்கில் கரும்புக்கோ மஞ்சளுக்கோ இதை மட்டும் நம்பி இறங்க முடியாது. அப்படியானால் எதற்கு இந்த வேலை என்றால், பொலபொலப்பான, நாற்றமில்லாத, வேரைச் சுடாத, களைவிதை குறைந்த ஒரு பொருள் கிடைக்கிறது. நாற்றங்கால், தொட்டிச்செடி, காய்கறிப் பாத்தி, மல்லிகை இவற்றுக்கு அது அருமை. அங்கேயும் அளவு உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட்ஸ் பிற்பாடு நடத்திய தொட்டிச்செடிச் சோதனைகளில், வளர்ப்புக் கலவையில் மண்புழு உரம் பத்திலிருந்து நாற்பது சதவீதம் வரை இருந்தபோதுதான் செடி நன்றாக வந்தது. அதற்கு மேல் போகப் போக வளர்ச்சி குறைந்தது. மாடித்தோட்டக்காரர்கள் தொட்டி முழுக்க மண்புழு உரத்தையே நிரப்பிவிட்டுச் செடி ஏன் மஞ்சளடிக்கிறது என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம், கூடுதல் உப்பு வேரைப் பிடித்துவிடும்.

அந்த உரத்தில் பயிரூக்கி மாதிரியான பொருட்கள் இருப்பதாகச் சொல்வார்களே, அது உண்மையா? சத்தின் கணக்கைவிடக் கூடுதலாகச் செடி வளர்ந்த சோதனைகள் இருக்கின்றன, அது வரைக்கும் சரி. அதற்குக் காரணம் ஊக்கியா, மக்குப்பொருளில் உள்ள அமிலங்களா, நுண்ணுயிர்களா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. வயலில் வந்த விளைச்சல் கணக்குகள் இடத்துக்கு இடம் ஏறி இறங்குகின்றன. மண்புழுக் குளியல்நீர் என்று, புழுப் படுக்கை வழியாக வடித்து விற்கும் தண்ணீரில் கரைந்த சத்து கொஞ்சம் இருக்கும், பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளித்தால் கெடுதல் இல்லை. பூச்சி, நோய் எல்லாம் போய்விடும் என்று எழுதி ஒட்டினால் நம்பாதீர்கள்.

விற்பதாக இருந்தால், மண்புழு உரம் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஈரம் 15 முதல் 25 சதவீதம், மொத்தக் கரிமம் 18 சதவீதத்துக்குக் குறையாமல், தழைச்சத்து ஒரு சதவீதத்துக்குக் குறையாமல், பத்தில் ஒன்பது பங்கு 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு நாலு சாக்கு கொடுப்பதும், பெயர் அச்சடித்த பையில் கடைக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. பையில் கட்டும் எண்ணம் வந்தால் முதலில் உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் என்ன பதிவு வேண்டும் என்று கேளுங்கள், ஓர் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பாருங்கள். நான்கு பசுவை வைத்துக்கொண்டு இதைத் தனித்தொழிலாக ஆக்க நான் யோசனை சொல்ல மாட்டேன். உங்கள் தோட்டத்துக்குப் போக மிஞ்சியதை விற்றால் சாக்குக்கும் கூலிக்கும் மேலே கொஞ்சம் நிற்கும்.

கடைசியாக, இன்னொரு தடவை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் ஐந்து கிலோ வேண்டாம். இப்போது தொட்டியில் கிடப்பதை எல்லாம் வெளியே எடுத்து, கூளம் கலந்து, நிழலில் குவித்துப் புரட்டத் தொடங்குங்கள். அதில் பிழைத்த புழு ஓரங்களில் இருக்கலாம். கையில் சிக்குவதைப் பழைய எரு போட்ட ஒரு கூடையில் சேர்த்து வையுங்கள், முட்டைக்கூடுகளும் சேர்ந்து வரும். வெந்தயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிர்மஞ்சளிலோ செம்பழுப்பிலோ இருக்கும், ஒன்றிலிருந்து இரண்டு மூன்று குஞ்சு வரும். குவியல் ஆறியதும் ஒரு கிலோ மட்டும் வாங்குங்கள். நாற்பது சதுர அடித் தொட்டி முழுவதற்கும் நாலு கிலோ தேவைப்படும், ஆனால் தொட்டியின் ஒரு மூலையில் பத்துச் சதுர அடியைச் செங்கல் வைத்துத் தடுத்து அங்கே இந்த ஒரு கிலோவை விட்டால் போதும். ஒரு குஞ்சு வளர்ந்து முட்டை வைக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். மூன்று மாதத்தில் அந்த மூலை நிரம்பிவிடும், அப்போது தடுப்பை எடுத்துப் பக்கத்தில் ஆறிய சாணத்தைப் போட்டால் அவையே நகர்ந்து வரும். முதல் உரத்தை எடுக்க நாலைந்து நாள் முன்பே தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். புழு அடிக்குப் போய்விடும், மேலே டீத்தூள் மாதிரி உதிர்வதை மட்டும் கையால் வழித்து எடுங்கள். மண்வெட்டி போட்டால் புழு துண்டாகும், ஒன்று இரண்டாகிப் பெருகும் என்பது கட்டுக்கதை. பேசினில் அந்த ஒரு ராத்திரிச் சோதனை செய்துவிட்டு, காலையில் புழு எங்கே இருந்தது, சாணத்தில் வாடை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதற்கு ஏற்றபடி மேற்கொண்டு சொல்கிறேன்.